ஆயர் இலச்சினை: சொல்லும் பொருளும்

கத்தோலிக்க ஆயர் (பிஷப்) திருப்பொழிவு அழைப்பிதழிலும் மறைமாவட்டக் கடிதத்தாளின் தலைப்பிலும் கேடயமும் பச்சைத் தொப்பியும் சேர்ந்த ஓர் உருவம் இருக்கும். அதை லோகோ, சின்னம், முத்திரை என்று ஆளுக்கொரு பெயரால் சொல்கிறோம். பொருந்தும் சொல் இலச்சினை.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்'. ஐரோப்பிய வீரர்கள் இரும்புக் கவசத்தின் மேல் போட்டுக்கொண்ட துணி அங்கிதான் அந்தக் 'கோட்'. கேடயத்தில் இருந்த குறியே அங்கியிலும் இருந்ததால், அங்கியின் பெயர் குறிக்கு வந்துவிட்டது. 'ஆயுத அங்கி' என்று பெயர்த்தால் பொருள் கெடும்.

தமிழில் இதற்குப் பழைய சொல் பொறி. சேரனின் வில்லை 'ஏம விற்பொறி' என்கிறது புறநானூறு 39. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகச் சரக்கு, சுங்கத்தில் 'புலி பொறித்து' வெளியே போகிறது. இன்று பொறி என்றால் இயந்திரமும் எலிப்பொறியும் நினைவுக்கு வருவதால், முழு உருவத்துக்கு அது உதவாது. இலச்சினை, அடையாளக் குறி என்று பொருள்படும் வடமொழி 'லாஞ்சன'த்தோடு உறவுடையது. பார்சுவநாதருக்குப் பாம்பு, மகாவீரருக்குச் சிங்கம் எனச் சமணத் தீர்த்தங்கரரை அடையாளம் காட்டுவதும் இலாஞ்சனைதான். ஆகவே முழு உருவம் இலச்சினை, கேடயத்தில் உள்ள உருவங்கள் பொறிகள், தாளில் பதியும் அச்சு முத்திரை என்று பிரித்து வழங்குவது தெளிவு.

லோகோ என்பது ஏன் தவறு? லோகோவில் ஒரு கோடு மாறினாலும் அது வேறாகிவிடும். இலச்சினைக்கு மூலம் ஒரு வாசகம்: 'நீலக் களத்தில் எட்டு முனைப் பொன் விண்மீன்' என்பதுபோல. பத்து ஓவியர் பத்து விதமாக வரையலாம். வாசகம் மாறாதவரை இலச்சினை ஒன்றே.

பதவியைச் சொல்வது கேடயத்துக்கு வெளியே உள்ளவை. வீரரின் தலைச்சீரா (தலைக்கவசம்) இருக்க வேண்டிய இடத்தில் 'கலேரோ' என்ற அகன்ற தொப்பி இருக்கும். ஆயருக்குப் பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு 6 குஞ்சம் (மேலிருந்து 1, 2, 3). பேராயருக்கும் பச்சைதான், ஆனால் பக்கத்துக்கு 10. கர்தினாலுக்குச் சிவப்பு, பக்கத்துக்கு 15. கேடயத்தின் பின்னே நிற்கும் சிலுவையில் ஆயருக்கு ஒரு குறுக்குச் சட்டம், பேராயருக்கு இரண்டு. கீழே நாடாவில் விருதுவாக்கு (அவர் தேர்ந்த குறிக்கோள் வரி).

பேராயராக உயர்ந்தவருக்குக் குஞ்சத்தை மட்டும் கூட்டிவிட்டுச் சிலுவையை மறப்பதுண்டு. கேடயத்தின் மேல் மைட்டரும் (ஆயர் அணியும் கூர்முனைத் தலையணி) மேய்ப்புக்கோலும் வரைவது இன்னொரு பிழை. 1969இல் வத்திக்கான் அவற்றை ஆயர் இலச்சினையிலிருந்து நீக்கிவிட்டது. வலம், இடம் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் கணக்கு. மறைமாவட்டப் பொறியும் ஆயரின் பொறியும் ஒரே கேடயத்தைப் பங்கிட்டால், மறைமாவட்டத்துக்கு வலப்பாதி. பார்ப்பவருக்கு அது இடப்பக்கம்! வாசகத்தைத் தமிழில் எழுதும்போது பலர் தடுமாறுவது இங்கேதான்.

நிறத்தில் விதி எளிது. பொன், வெள்ளி இரண்டும் உலோகம்; சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா ஆகியவை வண்ணம். உலோகத்தின் மேல் உலோகமோ வண்ணத்தின் மேல் வண்ணமோ வைப்பதில்லை; பச்சைக் களத்தில் நீல மலை தூரத்தில் தெரியாது. உருவமும் பெரிதாக, கூர்மையாக இருக்கவேண்டும். 2013இல் திருத்தந்தை பிரான்சிசின் இலச்சினையில் புனித யோசேப்பைக் குறித்த நார்டு மலர், பலர் கண்ணுக்குத் திராட்சைக் குலையாகத் தெரிந்தது.

ரப்பர் முத்திரையில் நிறம் வராது. அதற்கும் வழி உண்டு: இயேசு சபைத் துறவி சில்வெஸ்டர் பெத்ரா சாங்தா 1638இல் பரவச் செய்த கோட்டு முறை. பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெற்றிடம், சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், பச்சைக்கு நம் பார்வையில் இட மேலிருந்து வலக் கீழாகச் சாயும் கோடுகள். முத்திரை செய்பவரிடம் வண்ணப் படத்தைக் கொடுத்தால் பச்சையும் சிவப்பும் ஒரே மசியாக அப்பிவிடும். இந்தக் கோட்டு வடிவத்தைக் கொடுக்கவேண்டும்.