பிரஞ்ச்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நட்சத்திர ஓட்டல் விளம்பரங்களில் 'சண்டே பிரஞ்ச்' என்று பார்த்திருப்பீர்கள். காலை உணவைத் தவிர்த்துவிட்டு, பதினொன்று பதினொன்றரைக்கு மேல் உட்கார்ந்து, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிடுவதுதான் பிரஞ்ச். பிரேக்ஃபாஸ்ட்டின் தலையையும் லஞ்ச்சின் வாலையும் ஒட்டிய சொல்.

இந்தச் சொல்லை அச்சில் ஏற்றியவராக அறியப்படுபவர் கய் பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். 1895இல் 'ஹன்டர்ஸ் வீக்லி' இதழில், இப்படியொரு உணவுவேளை வேண்டும் என்று கோரியே ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிறன்று தேவாலயம் போய் வந்ததும் கனமான இறைச்சி உணவை உண்பது அன்றைய இங்கிலாந்தின் வழக்கம். அதற்குப் பதிலாக, நண்பகலை ஒட்டி, தேநீர் அல்லது காபியில் தொடங்கி மெல்ல மெல்லக் கனமான உணவுக்குப் போகலாமே என்றார். சனிக்கிழமை இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் அடித்துப்பிடித்து எழ வேண்டியதில்லை. கூடியிருந்து கலகலப்பாகப் பேசவும் நேரம் கிடைக்கும். அவர் கேட்டது நிறையச் சாப்பாடு அல்ல, அவசரமில்லாத சாப்பாடு. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்த ஆண்டே லண்டனின் 'பஞ்ச்' இதழ் இச்சொல்லைக் குறிப்பிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்களாம்: காலை உணவு நேரத்தை ஒட்டி வந்தால் பிரஞ்ச், மதிய உணவு நேரத்தை ஒட்டி வந்தால் பிளஞ்ச். இரண்டாவது சொல் நிலைக்கவில்லை.

சரி, இன்றைய ஆடம்பரம் எங்கிருந்து வந்தது? அது ஓட்டல்கள் சேர்த்தது. முட்டையைக் கேட்டபடி கண்ணெதிரே செய்து தரும் மேடை, இறைச்சியை அரிந்து தர ஒருவர், பாலாடைக்கட்டிக்கும் இனிப்புக்கும் தனித்தனி மேசைகள், சில இடங்களில் நுரைக்கும் ஒயின், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இவற்றில் பெரும்பகுதி உண்மையில் பஃபேயின் இயல்பு. பஃபே என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் உணவறையில் பாத்திரங்களும் பண்டங்களும் வைக்கும் மரச்சாமானைக் குறித்தது. பிறகு அதன்மேல் பரப்பி வைத்த உணவுக்குப் பெயராயிற்று. பிரஞ்ச் நேரத்தைச் சொல்கிறது, பஃபே பரிமாறும் முறையைச் சொல்கிறது. பஃபே இல்லாமலும் பிரஞ்ச் உண்டு.

அப்புறம் தமிழுக்கு வருவோம். 'பிரஞ்ச்' என்றே எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. தமிழ் வழக்கப்படி கடைசியில் உகரம் சேர்த்து 'பிரஞ்சு உணவு' என்று எழுதினால், படிப்பவர் பிரான்ஸ் நாட்டுச் சமையல் என்றே எடுத்துக்கொள்வார். 'காலைமதிய உணவு' என்றால் இரண்டு வேளைச் சாப்பாடு என்று தோன்றும். 'இடையுணவு' என்றால் நடுவில் கொறிக்கும் நொறுக்குத்தீனி ஆகிவிடும். ஆங்கிலம்போல் இரு சொற்களை வெட்டி ஒட்டி 'காதியம்' என்று ஆக்கினால் எவருக்கும் புரியாது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல் தமிழிலும் சொற்கள் குறுகும்தான். ஆனால் அவை நாள்பட்ட புழக்கத்தில் தேய்ந்த மரூஉ. புதிதாக உட்கார்ந்து வெட்டினால் அந்தத் தெளிவு வராது.

என் தேர்வு 'முற்பகலுண்டி'. 'பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்' என்ற குறளிலேயே முற்பகல் இருக்கிறது; உண்டியும் 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்று புறநானூற்றில் வரும் சொல். சிற்றுண்டி இன்றும் புழங்குவதால் முற்பகலுண்டி கேட்டவுடன் விளங்கும். உணவு பிற்பகல் வரை நீள்கிறதே என்று கேட்கலாம். ஓர் உணவுவேளைக்குத் தொடங்கும் நேரத்தை வைத்துப் பெயரிடுவதில் தவறில்லை.

ஓட்டலின் தடபுடலான ஏற்பாட்டுக்கு 'முற்பகல் விருந்து' இன்னும் பொருத்தம். விருந்து என்றால் முதற்பொருள் புதுமை; பிறகுதான் புதிதாய் வருபவரையும் அவருக்கு இடும் உணவையும் குறித்தது. அதனால் வீட்டில் தாமதமாக எழுந்து நாமே சாப்பிடுவதற்கு அது ஒத்துவராது, அங்கே முற்பகலுண்டி போதும். விளம்பரத்திலும் உணவுப் பட்டியலிலும் 'ஞாயிறு முற்பகல் விருந்து' என்று தாராளமாக அச்சிடலாம். தொடக்கத்தில் சில காலம் கீழே சிறிய எழுத்தில் 'பிரஞ்ச்' என்றும் போட்டுக்கொள்ளலாம்.