கத்தியைப் பிடித்த கை

ஓர் இரவு, மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து 22 வயதுத் தையல்காரர் ஒருவரை விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். வலக்கையைச் சுற்றியிருந்த சாரம் இரத்தத்தில் ஊறியிருந்தது. "கராத்தேயில் கறுப்புப் பட்டி எடுத்த பிள்ளை, டொக்டர்" என்றார் கூட வந்த மாமா. எட்டு வருடம் படித்த பிள்ளைக்கு ஏன் இப்படி நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. (அந்தத் தையல்காரரை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கோயில் திருவிழா முடிந்து திரும்பும் வழியில் வாய்த்தகராறு. எதிராளி மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். தம்பி வகுப்பில் நூறு தடவை செய்ததைத்தான் செய்தார்: வரும் மணிக்கட்டைத் தடுத்து, பிடித்து, திருப்புவது. ஆனால் வகுப்பில் குத்துபவர் ஒரு தடவை குத்திவிட்டுக் கையை நீட்டியபடியே நிற்பார். அன்று வந்த கை உடனே பின்னால் போய், மறுபடியும் வந்தது. இரண்டாவது தடவை தம்பியின் கைக்குள் அகப்பட்டது மணிக்கட்டு அல்ல, கத்தியின் அலகு.

ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. ஊரில் நரம்பு என்று சொல்வோம். நடுவிரலிலும் மோதிரவிரலிலும் அவை நான்கும் அறுந்திருந்தன. அறுந்த முனை உள்ளங்கைக்குள் இழுபட்டுப் போய்விடும். அதைத் தேடியெடுத்துத் தைத்து, ஆறு வாரம் மட்டையில் வைத்து, பயிற்சி கொடுத்து, பாரம் தூக்க விடுவதற்கு மூன்று மாதமாகும். அதன் பிறகும் விரல் முழுதாக மடங்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஊசி பிடிக்கும் கை அது.

மரபுத் தற்காப்புக் கலைகள் உண்மைச் சண்டையில் உதவுமா என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தம்பி படித்த உத்தி பொய்யல்ல. ஒத்துழைக்கும் கூட்டாளியோடு மட்டும் பழகிய உத்தி அது.

இந்தக் குறையை ஜப்பானியரான ஜிகோரோ கானோ அன்றே உணர்ந்திருந்தார். 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளை, முன்கூட்டியே வகுத்த அசைவுகளைச் செய்யும் வடிவப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, எதிர்த்து நிற்கும் ஆளோடு முழுப் பலத்தில் பழகக்கூடிய வீச்சுகளையும் பிடிகளையும் முன்னே வைத்தார். 1993இல் அமெரிக்காவின் டென்வரில் பல கலைக்காரர்களை ஒரே கூண்டில் மோதவிட்ட முதல் யூஎஃப்சி போட்டியில் ரோய்ஸ் கிரேசி வென்றார். அவருடைய குடும்பக் கலை ஜூடோவின் வழி வந்தது. 2017இல் சீனாவின் செங்டுவில் தாய்ச்சி என்ற சீன மரபுக் கலையின் ஆசிரியர் ஒருவர், பல கலைகளைக் கலந்து மோதும் கலப்புச் சண்டை வீரர் ஒருவரை எதிர்த்து நின்றார். அரை நிமிடத்துக்குள் அந்த ஆசிரியர் தரையில் கிடந்தார். அதைப் பார்த்துக் கலையையே பழித்தவர்கள் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. தன்னை உண்மையாக விழுத்த முயலும் ஒருவரோடு பழகாத எவருக்கும், எந்தக் கலையைப் படித்திருந்தாலும், அதுதான் நடந்திருக்கும்.

முஷ்டியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அதிகம் காண்பது முஷ்டிக் காயங்களைத்தான். கராத்தே ஆசிரியர்கள் சுட்டுவிரல், நடுவிரல் மொளிகளால் நேராகக் குத்தச் சொல்வார்கள். வைத்தியனாகச் சொல்கிறேன், அது மிகச் சரியான பாடம். அந்த இரண்டு எலும்புகளும் மணிக்கட்டோடு உறுதியாகப் பொருந்தியவை. ஆத்திரத்தில் கை வளைந்து வீசும்போது பட்டுக்கொள்வது சுண்டுவிரல் மொளி. அதன் கீழே கழுத்துப்போல் ஒடுங்கிய இடத்தில் எலும்பு முறிகிறது. கன்னத்தைக் குறிவைத்த குத்தை எதிராளி தலையைக் குனிந்து நெற்றியில் வாங்கினாலும் இதுதான் முடிவு.

அதைவிட எனக்குப் பயம் தருவது மொளியில் உள்ள சின்ன வெட்டு. குத்திய கை எதிராளியின் பல்லில் பட்டிருக்கும். விரலை நிமிர்த்தியதும் தசைநாண் நகர்ந்து காயத்தை மூடிவிடும். வாயின் கிருமிகள் மூட்டுக்குள் அடைபட்டுவிடும். "கீறல்தான்" என்று வீட்டில் இருப்பார்கள். இரண்டு நாளில் கை வீங்கிச் சீழோடு வருவார்கள். பல் பட்ட காயம் எவ்வளவு சிறிதென்றாலும் அன்றைக்கே வாருங்கள். பல் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைத் திட்டுவதற்காக நாங்கள் கேட்கவில்லை.

கைச்சண்டையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் குத்து அல்ல, தரை. ஒரு தள்ளு, பின்னால் சாய்வு, கொங்கிரீட்டில் பின்தலை. எழுந்து நடப்பார், கதைப்பார், வீட்டுக்குப் போய்ப் படுப்பார். மண்டைக்குள் இரத்தம் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். கூடும் தலையிடி, சத்தி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். குடித்திருக்கிறார், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆகவே மரபுக் கலைகள் தரும் மிகப் பயனுள்ள உத்தி எதுவென்றால், விழுவது என்றுதான் சொல்வேன். நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து விழுவதை ஜூடோவில் முதல் நாளிலிருந்தே பழக்குவார்கள். பிள்ளையைச் சேர்க்கும் வகுப்பில் அது உண்டா என்று கேளுங்கள்.

எங்கள் மண்ணின் தற்காப்புக் கலைகளான சிலம்பத்தையும் சீனடியையும் நான் மதிக்கிறேன். காலில் புண்ணுக்கு மருந்து கட்ட வரும் வயதான அண்ணாவியார் (சிலம்பம் பழக்குபவர்) ஒருவரிடம், "ஐயா, இது சண்டைக்கு உதவுமா?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பொல்லு கையில் இருந்தால் அவனைக் கிட்ட வரவிடமாட்டேன், மகன். பொல்லு இல்லையென்றால் நான் அங்கே நிற்கவேமாட்டேன்." சிலம்பத்தில் 'வீடு கட்டுவது' என்று சொல்லும், சுற்றிச் சுற்றி வைக்கும் அந்தக் காலடிகள் அவருக்குக் கொடுத்தது தூரத்தை அளக்கும் கண். ஓடக் கிடைத்த இடத்தில் ஓடுவதை அவர் தோல்வியாக நினைக்கவில்லை.

தையல்காரத் தம்பியின் ஆசிரியர் நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு மனம் உடைந்திருந்தார். நான் கேட்டுக்கொண்டபடி ஒரு ஞாயிறு காலை மாணவர்களை வெள்ளைச் சீருடையில் நிறுத்தினார். கத்திக்குப் பதிலாகச் சிவப்பு மார்க்கர். குத்துபவருக்கு ஒரே ஒரு விதி: கையை நீட்டிக்கொண்டு நிற்காதே, விரும்பியபடி திரும்பத் திரும்பக் குத்து. இருபது வினாடிகள்தான். மணிக்கட்டைப் பிடித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களின் முன்கையிலும் வயிற்றிலும் கழுத்திலும் சிவப்புக் கோடுகள். கோடு விழாமல் நின்றவள் ஒரு சிறுமி மட்டும். மார்க்கரைக் கண்டதும் கதவால் வெளியே ஓடியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்தினார்.