ஆன்லைனில் வாங்க டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? பணம் போனால் விதி என்ன சொல்கிறது?

சனிக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு என் அண்ணியின் போனுக்கு அடுத்தடுத்து இரண்டு எஸ்எம்எஸ். சம்பளக் கணக்கின் டெபிட் கார்டிலிருந்து மொத்தம் 18,640 ரூபாய், பெயரே கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுத் தளத்துக்குப் போயிருந்தது. ஓடிபி வரவில்லை, யாரும் போன் செய்து கேட்கவும் இல்லை. அப்போதே வங்கியின் அவசர எண்ணுக்குப் பேசி கார்டை முடக்கி, புகார் எண்ணையும் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை இருவரும் கிளைக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே, "ஓடிபியை யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்கம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. செய்யாத தப்பைத் தான்தான் செய்துவிட்டோமோ என்று அவரே சந்தேகப்பட ஆரம்பித்தார்.

கவுன்டரில் அப்படிக் கேட்பது சகஜம். ஆனால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பை வங்கியின் தலையில்தான் வைத்திருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இதே போன்ற உத்தரவு வந்தது. கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அது சொல்வது இதுதான். வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. நீங்கள் புகார் செய்தீர்களா இல்லையா என்பதுகூட அங்கே கணக்கில்லை. வங்கியின் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை, நடுவில் எங்கோ தகவல் திருடு போயிருக்கிறது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். அப்போதும் உங்கள் பொறுப்பு பூஜ்யம்தான். தகவல் வந்த நாளை விட்டுவிட்டு, உங்கள் கிளை எந்த நாட்களில் திறந்திருக்கிறதோ அதை வைத்து நாளை எண்ண வேண்டும். அண்ணிக்கு சனி இரவு எஸ்எம்எஸ் வந்ததால் திங்கள், செவ்வாய், புதன் வரை அவகாசம் இருந்தது. அவகாசம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கார்டு திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டத்தில் ஒரு பங்கு உங்களுடையது. சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்றால் 5,000. 5 லட்சத்துக்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு 25,000. போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை மட்டும்தான். 7 நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும்.

கவனித்தீர்களா, சாதாரண சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டையும் சாதாரண கிரெடிட் கார்டையும் விதி ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. "ஆன்லைனில் டெபிட் கார்டு ஆபத்து, கிரெடிட் கார்டுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு" என்று இணையத்தில் படிப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதியது. அங்கே கிரெடிட் கார்டு மோசடியில் வாடிக்கையாளர் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. டெபிட் கார்டில் இரண்டு வேலை நாட்களுக்குள் சொல்லாவிட்டால் அது 500 டாலர் வரை ஏறும். நம் ஊர் விதியில் அந்த வித்தியாசம் கிடையாது.

அப்படியும் ஆன்லைனில் வாங்க கிரெடிட் கார்டுதான் நல்லது என்று நான் சொல்வேன். பணம் திரும்பி வரும்வரை யார் பணம் வெளியே நிற்கிறது என்பதுதான் காரணம். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிட்டு. வட்டி நஷ்டம் வராது. அண்ணிக்கும் ஒன்பதாவது வேலை நாளில் வந்துவிட்டது. ஆனால் நடுவில் 5ஆம் தேதி வந்தது. வீட்டுக் கடன் தவணைக்குக் கணக்கில் பணம் போதவில்லை. தவணை திரும்பிப்போய் அபராதம் விழுந்தது. பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அண்ணன்தான் அங்கே இங்கே புரட்டினார்.

கிரெடிட் கார்டில் போயிருந்தால் வங்கியின் பணம் நின்றிருக்கும், சம்பளம் பத்திரமாக இருந்திருக்கும். மோசடி என்று நீங்கள் தகராறு எழுப்பிய தொகைக்கு, அது தீரும்வரை எந்தக் கட்டணமும் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகளும் சொல்கின்றன. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: அந்த மாத பில்லில் நீங்கள் உண்மையாகவே செலவு செய்த மீதித் தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்த பில்லையும் நிறுத்தினால் அதற்கு வட்டி ஏறும்.

கிரெடிட் கார்டு எல்லோருக்கும் கிடைத்துவிடாது, வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் ஆன்லைனுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் போட்டு, அந்த டெபிட் கார்டைப் பயன்படுத்தலாம். சம்பளமும் பென்ஷனும் வரும் கணக்கின் கார்டை ஏடிஎம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படி நிறுத்தவும் வழி இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரப்படும் கார்டு இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தொட்டுச் செலுத்துவது ஆகியவற்றை நீங்களாகத் திறந்தால்தான் உண்டு. வங்கி ஆப்பில் அதற்கான பொத்தான்களும் வரம்பு வைக்கும் வசதியும் இருக்கும். அண்ணி சிங்கப்பூர் போனபோது வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்தவர், திரும்பி வந்து மூடவில்லை. இந்தியத் தளங்களில் கார்டு எண் மட்டும் போதாது, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும். பல வெளிநாட்டுத் தளங்கள் அதைக் கேட்காமலே பணத்தை எடுத்துவிடும். திருடன் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

ஓடிபியையோ பின் எண்ணையோ நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனதெல்லாம் நம் நஷ்டம், கார்டு எதுவானாலும். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால் ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் ஒரு நாளைத் தள்ளிப்போடுவது மிகப் பெரிய தவறு. வங்கி "உங்கள் தவறு" என்று சொன்ன உடனே ஒதுங்கிவிடவும் வேண்டாம். ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பித் தர முயன்றபோது மோசடி அழைப்பில் சிக்கி 94,000 ரூபாய்க்கு மேல் இழந்த அசாம் வாடிக்கையாளர் ஒருவர், 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருந்தார். கவுகாத்தி உயர் நீதிமன்றம் இதே 2017 விதியைக் காட்டி, பணத்தைத் தரும்படி ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

பணம் போனது தெரிந்தவுடன் முதலில் கார்டை முடக்கிப் புகார் எண் வாங்குங்கள். அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறும் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பிறகு கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். எஸ்எம்எஸ் வந்த தேதி, நேரம், புகார் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். எங்களுக்கு அதைப் போட்டுத் தர முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் முத்திரை விழுந்த பிறகு ஓடிபி பேச்சு நின்றுவிட்டது.

புகாரை வங்கி 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் 30 நாட்களில் பதிலே வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேளுங்கள். மனுவோடு இணைக்க அந்த முத்திரை போட்ட நகல் கையில் இருக்கட்டும்.