லவுஞ்ச் வாசலில் நின்று தேடாதீர்கள்

வங்கியில் கார்டு புகார்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். விடுமுறைக் காலம் முடிந்து ஸ்டேட்மென்ட் போன கையோடு விமான நிலைய லவுஞ்ச், அதாவது சாப்பாடு தரும் காத்திருப்பு அறை பற்றி எங்களுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "லவுஞ்ச் இலவசம்னு சொல்லித்தானே இந்தக் கார்டைத் தலையில கட்டினீங்க? அப்புறம் இது என்ன 105 டாலர்?" இந்த வாரமும் ஒருவர் இப்படித்தான் சத்தம் போட்டார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய கார்டில் அவருக்கு மட்டும்தான் அனுமதி. கூட வந்த மூவருக்கும் தலைக்கு 35 டாலர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. "விருந்தினர் 3" என்று போட்ட சீட்டில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போய் டிஸ்ப்யூட் எழுப்புவது?

"வாசலில் யாருமே பணம் கேட்கவில்லையே!" எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். எனக்கு அலுத்துப்போன வாக்கியமும் இதுதான். தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு உங்களிடம் பணம் வாங்குவது வேலையில்லை. நீங்கள் வந்ததைப் பதிவதுதான் அவர் வேலை. கார்டைத் தேய்ப்பார், அல்லது போனில் இருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்வார். எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்குவார். அந்தப் பதிவு பிரயாரிட்டி பாஸ், லவுஞ்ச்கீ, டிராகன்பாஸ் மாதிரி, வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வங்கிக்குக் கணக்கு அனுப்புவார்கள். உங்கள் கார்டின் விதிப்படி எத்தனை தலைக்கு வங்கி கட்ட வேண்டுமோ அதைக் கட்டிவிட்டு, மிச்சத்தை உங்கள் பேரில் ஏற்றிவிடுவோம். இதெல்லாம் முடிய வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பி, சாப்பிட்டதையும் மறந்திருப்பீர்கள்.

ஆக, யாரும் பணம் கேட்கவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. உள்ளே போகும் ஒவ்வொரு தலைக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார். அது வங்கியா நீங்களா என்பதுதான் கேள்வி. "அனுமதி இல்லை என்றால் தடுத்திருக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். அவர்கள் ஏன் தடுக்க வேண்டும்? உங்களோடு வரும் மைத்துனரும் அவர்களுக்குக் காசு தரும் வாடிக்கையாளர்தான். சில இடங்களில் கார்டைத் தேய்க்கும்போது ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள். கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்க்க மட்டுமே அது. அதையே நுழைவுக் கட்டணம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உள்ளே போகிறவர்கள் ஏராளம்.

"போன தடவை விட்டாங்களே" என்பதும் செல்லாது. கூட்டம் தாங்காமல் எல்லோரும் விதிகளை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கார்டு நிறுவனம் தன் முதல் சென்டூரியன் லவுஞ்சை லாஸ் வேகஸில் 2013-இல் திறந்தது. அதன் பிளாட்டினம் கார்டுக்காரர் இரண்டு பேரைக் கட்டணமில்லாமல் கூட்டிப்போகலாம் என்று பல ஆண்டுகள் இருந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவில் ஒரு விருந்தினருக்கு 50 டாலர். வருடத்துக்கு 75,000 டாலர் செலவு செய்கிறவர்களுக்குத்தான் விலக்கு. 2025 பிப்ரவரியில் டெல்டா விமான நிறுவனம், அதே பிளாட்டினம் கார்டில் தன் லவுஞ்சுக்கு வருவதை வருடத்துக்கு 10 முறை என்று சுருக்கிவிட்டது. இவ்வளவு பெரிய கார்டுகளுக்கே இந்தக் கதி என்றால் மற்றதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கெல்லாம் போவது காசு மட்டும்தான், அதுவும் தெரிந்த அளவு. எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது இன்னொரு வகைப் புகார். கவுன்ட்டரில் "இந்தக் கார்டு எடுக்கவில்லை" என்று சொல்லியிருப்பார்கள். வங்கி தனியாகத் தரும் உறுப்பினர் அட்டையை இவர் பதிவே செய்திருக்க மாட்டார், அவ்வளவுதான் விஷயம். பின்னால் வரிசை நிற்கிறது. அவசரத்தில் போனை எடுத்து 'லவுஞ்ச் பாஸ்' என்று தேடுகிறார். வருகிற முதல் இணைப்பைத் தட்டுகிறார். ஒரு ஆப் இறங்குகிறது, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது, கொடுத்துவிடுகிறார். அப்புறம் அவருக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் வேறு யாருக்கோ போகிறது. சிலர் "உதவி மையம்" என்று ஒரு எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடி, தங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படி ஸ்க்ரீன் ஷேரிங்கையும் போட்டுவிடுகிறார்கள். விமானம் ஏறும்வரை போன் இணைப்பில் இருக்கும் நேரமே திருடனுக்குப் போதும். இறங்கிப் பார்த்தால் கார்டின் வரம்பு முழுக்கக் காலி. "நான் ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லையே" என்பார்கள். வாயால் சொல்லவில்லை, உண்மைதான்.

லவுஞ்சுக்குள் போக எந்த ஆப்பும் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் முகத்தை வீடியோ எடுக்க வேண்டியதில்லை. திரையைப் பார்க்க வேண்டியதும் இல்லை. கேட்டால், அது லவுஞ்சுக்கான ஆப் இல்லை.

வேலையை வீட்டிலேயே முடியுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் வங்கியின் ஆப்பில் நுழைந்து, இந்த வருடம் எத்தனை வருகை மிச்சம், விருந்தினருக்கு உண்டா, குழந்தைக்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். உங்கள் கணக்கிலேயே குடும்பத்தினருக்கு வாங்கும் ஆட்-ஆன் கார்டுக்குத் தனியாக அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள், பல கார்டுகளில் கிடையாது. குறிப்பிட்ட அளவு செலவு செய்தால்தான் அனுமதி என்று நிபந்தனை இருந்தால் அதையும் பாருங்கள். ஆப்பில் இல்லையா, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். தேடுபொறி காட்டும் எண்ணை அல்ல. உங்கள் லவுஞ்ச் எந்த டெர்மினலில், பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலா பின்னாலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல லவுஞ்சுகள் விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் உள்ளே விடாது. கவுன்ட்டரில் இருப்பவரிடம் கத்தாதீர்கள், விதியை அவர் எழுதவில்லை.

கையெழுத்துப் போடும்முன் விருந்தினர் எண்ணிக்கையைப் படியுங்கள். அந்தச் சீட்டையோ திரையையோ ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனவருக்கு "விருந்தினர் 1" என்று தவறாக ஏறுவதும் உண்டு. கையில் படம் இருந்தால் அந்தக் காசை நான் திருப்பி வாங்கித் தருவேன், சந்தோஷமாகவே.

படம் என்றதும் இன்னொன்று. காபிக் கோப்பை, போர்டிங் பாஸ், கார்டு மூன்றையும் வரிசையாக வைத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். போர்டிங் பாஸின் பார்கோடில் உங்கள் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன. பல விமான நிறுவனங்களின் தளத்தில் பயணச்சீட்டைத் திறக்க அந்த இரண்டும் போதும்.

ஏற்கெனவே அப்படி ஒரு ஆப்பை இறக்கிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அந்தப் போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணையட்டும். பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். விமானம் ஏறும்முன் இதைச் செய்துவிடுங்கள். பிறகு ஆப்பை நீக்குங்கள். அதன்பின் ஏர்ப்ளேன் மோடை எடுத்துவிட்டு, அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்களா என்று *#21# போட்டுப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் சிம் நிறுவனத்திடமே ரத்து செய்யச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். அந்தப் போனிலிருந்தே மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்குத்தான் போகும்.