20 ஆண்டுகளாக நிரம்பாத தொட்டி

“வீடு கட்டி 20 ஆண்டுகள் ஆகின்றன. செப்டிக் டேங்க்கை ஒருமுறைகூடச் சுத்தம் செய்ததில்லை. இன்னும் நிரம்பவே இல்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறோம் என்றுதானே பொருள்?” என்று வாசகர் ஒருவர் பெருமிதத்தோடு கேட்டிருந்தார். வீட்டுக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறோம் என்று அடுத்த வரியில் அவர் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது.

சரியாக இயங்கும் செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். பயன்படுத்தத் தொடங்கிய சில நாட்களிலேயே நீர்மட்டம் வெளியேறு குழாயைத் தொட்டுவிடும். அதன் பிறகு உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மறுபுறம் வெளியேறும். ஆகவே நிரம்பாத தொட்டி என்றால், விரிசல் வழியாகக் கழிவு மண்ணுக்குள் கசிகிறது என்றோ, அது தொட்டியே அல்ல, அடித்தளம் போடாத குழி என்றோதான் கொள்ள வேண்டும். பொங்கி வழியவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்றால், 20 ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டிய கசட்டின் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது.

தொட்டிக்குள் நடப்பது எளிய வேலை. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன, ஓரளவு தெளிந்த நீர் நடுவிலிருந்து வெளியேறுகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசட்டின் ஒரு பகுதியைச் செரிக்கின்றன. 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரான் அமைத்த தொட்டிக்கு, அழுகச் செய்வது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘செப்டிக்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். ஆனால் தொட்டி நீரைத் தூய்மையாக்குவதில்லை. அதிலிருந்து வெளியேறும் நீரின் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் மலத்திலிருந்து வந்த கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் பத்து லட்சம் கணக்கில் இருக்கும். உண்மையான சுத்திகரிப்பு அதற்குப் பிறகு, நாம் கண்ணால் பார்க்காத மண்ணில் நடக்கிறது.

தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறங்கவிடும் சரளைக்கல் பரப்புக்கு உறிஞ்சு படுகை என்று பெயர். நீர் அதை அடைந்து, சரளைக்கற்களைக் கடந்து மண்ணைத் தொடும் இடத்தில், சில மாதங்களுக்குள் கருநிறமான வழவழப்பான ஒரு படலம் உருவாகிறது. நீரில் எஞ்சியிருக்கும் உணவை உண்டு வளரும் பாக்டீரியாக்களும், அவை சுரக்கும் பசையும், அதில் சிக்கிய நுண்துகள்களும் சேர்ந்த இந்த உயிர்ப்படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஓரிரு சென்டிமீட்டர்தான். பார்ப்பவருக்கு இது அடைப்பு. சுரண்டி எறிய வேண்டும் என்றே தோன்றும். எனக்கோ இந்த அமைப்பு முழுவதிலும் இதைவிட அழகான பகுதி வேறில்லை.

படலம் இல்லாத மணலில் நீர் ஒரு நாளில் பல மீட்டர் இறங்கிவிடும். படலம் வந்த பிறகு, மண்ணின் தன்மையைப் பொறுத்து, அதன் வழியே நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் அளவு நீரே ஊடுருவ முடிகிறது. மேலிருந்து வரும் நீர் இப்படிக் குறைந்துவிடுவதால், கீழேயுள்ள மண்ணின் பெரிய துளைகளை நீரால் நிரப்ப முடிவதில்லை. அத்துளைகளில் காற்று தங்கிவிடுகிறது. நீரோ மணல் துகள்களின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, மெல்லிய ஏடாக, துகளிலிருந்து துகளுக்கு ஊர்ந்து இறங்குகிறது. பெரிய துளையின் நடுவே யாரையும் தொடாமல் ஓடியிருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, இப்போது ஒவ்வொரு துகளையும் உரசிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஏதோ ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதைவிட மிகச் சிறிய வைரஸ்களும் களிமண், இரும்பு ஆக்சைடு ஆகியவற்றின் மின்னேற்றத்தால் பிடிபடுகின்றன. ஒட்டியவை காற்றை விரும்பும் மண் உயிர்களுக்கு இரையாகின்றன, அல்லது நாட்கணக்கில் தங்கி மடிகின்றன. இத்தகைய காற்றோட்டமுள்ள மண் 60 முதல் 90 சென்டிமீட்டர் இருந்தால், நோய்க்கிருமிகளில் பெரும்பங்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆழமாகத் தோண்டி, நிலத்தடி நீரையே தொடும்படி அமைக்கப்படும் உறிஞ்சுகுழிகளில் இந்தக் காற்று அடுக்கு இல்லை என்பதுதான் குறை.

இந்தப் படலம் ஒரு சமநிலையில் வாழ்கிறது. மேலிருந்து வரும் உணவால் வளர்கிறது. கீழிருந்து வரும் காற்றின் துணையோடு மற்ற உயிர்கள் அதைத் தின்கின்றன. தொட்டியில் கசடு மிகுந்து துகள்கள் வெளியேறத் தொடங்கினால், வளர்ச்சி மேலோங்கிப் படலம் தடித்து, கழிவுநீர் தரைக்கு மேல் ஊறிவிடும். தொட்டியைச் சுத்தம் செய்வது உண்மையில் இந்தப் படலத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான். கசடும் ஏடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை அடைவதற்குள், பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது. அங்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிட்டுப் பிறகு கொல்லும். சமையல் எண்ணெயை ஊற்றுவதும், மழைநீரைத் தொட்டியில் விடுவதும், ஒரு வாரத் துணிகளை ஒரே நாளில் துவைப்பதும், படுகையின் மேல் வண்டியை நிறுத்தி மண்ணை இறுக்குவதும் இந்தச் சமநிலையைக் கெடுப்பவையே. படுகைகள் இரண்டு அமைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஓய்வெடுக்கும் படுகைக்குள் காற்று புகுந்து படலம் தானே மெலிந்துவிடும்.

பொடியைப் போட்டால் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற விளம்பரங்களையும் அந்த வாசகர் குறிப்பிட்டிருந்தார். மலத்தின் ஒவ்வொரு கிராமிலும் ஆயிரக்கணக்கான கோடி பாக்டீரியாக்கள் இருக்கும்போது, தொட்டிக்கு நுண்ணுயிர்ப் பொடி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அறிவியல் பெயர் சூட்டிக்கொண்டு வருவதால் தாயத்தைவிடச் சற்று ஆபத்தானது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கிடைக்கும் ஆய்வு நிதியில் சிறு துளியாவது வீட்டுக்கு அடியில் உள்ள ஒரு மீட்டர் மண்ணுக்கும் கிடைத்தால், இத்தகைய பொடிகளுக்குச் சந்தை குறையும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு திறமையான மண்ணும் ஒன்றைத் தவறவிடுகிறது. சிறுநீரிலிருந்து வரும் நைட்ரஜன் தொட்டியில் அம்மோனியமாக இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கிருமிகளை ஒழிக்கும் அதே காற்றுதான் இதற்கும் துணை. எதிர்மின்னேற்றம் கொண்ட நைட்ரேட் பெரும்பாலான மண்ணில் ஒட்டுவதில்லை. நீரோடு நழுவி நிலத்தடிக்குப் போய்விடும். கிணற்று நீரின் நைட்ரேட் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்து உடலை நீலம்பாயச் செய்வதை 1945-இலேயே அமெரிக்க மருத்துவர் ஹன்டர் காம்லி எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டோ, நீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும்.

ஆகவே அந்த வாசகர் முதலில் செய்ய வேண்டியது கிணற்று நீரைக் கோலிஃபார்முக்கும் நைட்ரேட்டுக்கும் சோதிப்பது. முடிவு தெரியும்வரை குடிக்க வேறு நீரைப் பயன்படுத்துவது நல்லது. பிறகு தொட்டியைத் திறந்து மட்டத்தைப் பார்க்கட்டும். நீர் வெளியேறு குழாய்க்குக் கீழேயே நின்றால், விரிசலைத் தேட வேண்டும்.