திரும்ப விட்ட மீனெல்லாம் பிழைத்த மீன் அல்ல

மீன் நோய் ஆய்வு என் தொழில். நீர்நிலைகளில் மீன்கள் செத்து மிதந்தால், தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டதோ, கொள்ளைநோய் பரவிவிட்டதோ என்ற அச்சத்துடன் அவற்றை ஐஸில் வைத்து எங்களிடம் கொண்டுவருவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த 11 மீன்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, நான்கின் உடலில் பஞ்சு ஒட்டியது போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒரு பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு; மறுபக்கம் அதற்கு நேராக விரல் விரலாக நான்கு பட்டைகள். உலர்ந்த கையால் யாரோ இறுகப் பிடித்ததில், மீனின் மேல்தோலைக் காக்கும் வழுவழுப்பான படலம் பிடித்த இடத்தில் மட்டும் வழிந்து போயிருக்கிறது. பூஞ்சை அந்த வழியாகவே உள்ளே புகுந்திருக்கிறது. வேறு மூன்றின் தொண்டைக்குள் தூண்டில் முள் இருந்தது. விசாரித்தால், முந்தைய வாரம் அங்கே தூண்டில் போட்டி நடந்திருந்தது. நடத்தியவர்கள் மனதார வியந்தார்கள்: “ஒரு மீனைக்கூடக் கொல்லவில்லையே, எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டோமே!”

மீன் விரயம் என்றதும், முள் அதிகம் என்றோ சிறியது என்றோ கரையில் வீசப்பட்டு நாறிக் கிடப்பவைதாம் நினைவுக்கு வருகின்றன. அது கண்ணுக்குத் தெரியும் விரயம். அதைக் கண்டிக்க யாரும் தயங்குவதில்லை. படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விடப்பட்டு, நம் கண் மறைந்தபின் அடியில் சென்று சாகும் மீனை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கருத்து: பிடிக்கப்போகும் மீனை என்ன செய்வது என்று இரையை மாட்டுவதற்கு முன்பே முடிவு செய்யாமல், மீன் கையில் துள்ளும்போது யோசிப்பது.

தூண்டிலில் போராடிக் களைத்த மீன், ஓடி முடித்து மூச்சிரைக்கும் மனிதனைப் போன்றது. அந்த நேரத்தில் அதை நீரிலிருந்து தூக்கினால் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், காற்றில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் அதற்குப் பயனில்லை. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை நீந்தவைத்துப் பார்த்தார்கள். காற்றில் எடுக்கப்படாதவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் இருந்தவற்றில் 38 சதவீதம், 60 விநாடி இருந்தவற்றில் 72 சதவீதம். எல்லா இனங்களும் இவ்வளவு மென்மையானவை அல்ல என்றாலும், கைபேசியைத் தேடி எடுத்து, நின்று சிரித்து, இரண்டாவது படமும் எடுப்பதற்குள் ஒரு நிமிடம் கடந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கடினம்: ஒரு லிட்டர் நன்னீர் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான்.

ஆழத்திலிருந்து வேகமாக இழுக்கப்படும் மீனுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அழுத்தம் குறையக் குறைய அதன் காற்றுப்பை ஊதிப் பெருத்து, கண்களைப் பிதுக்கி, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிவிடும். அந்த நிலையில் விட்டால் மிதக்குமே தவிர, கீழே போகாது. அதை எடை கட்டிய கருவியால் பழைய ஆழத்துக்கே இறக்கி விடவேண்டும். இல்லையென்றால் அந்த ஆழத்தில் விளையாட்டுக்காகத் தூண்டில் போடாமலிருப்பதே மேல்.

முள்ளின் வகையும் முக்கியமானது. கடைகளில் சர்க்கிள் ஹூக் என்று விற்கப்படும் வளைந்த முள், இயற்கை இரையோடு போடும்போது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டுவதால், தொண்டைக்குள் இறங்குவது குறைகிறது. அப்படியும் ஆழமாக இறங்கிவிட்டால் இடுக்கியால் குடைந்து எடுக்காதீர்கள். முள் கட்டிய தூண்டில் நரம்பை வாய்க்கு அருகே வெட்டிவிட்டு மீனை விடுவது அதற்கு அதிக வாய்ப்பளிக்கும்.

உண்ணத்தான் பிடிக்கிறோம் என்றால் அதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. சொல்லப்போனால் அது நேர்மையான காரணம். ஆனால் அந்த மீனை வாளியில் போட்டுத் துடிதுடித்துச் சாகவிடுவது கொடுமை மட்டுமல்ல, இறைச்சியையும் கெடுக்கிறது. தலையில், கண்களுக்குச் சற்றுப் பின்னே உறுதியாக ஓர் அடி, உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடித்தல், பின்பு ஐஸ். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை வெயிலில் கிடத்தினால் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். ஐஸ் பெட்டி இல்லாமல் பத்து மீன் பிடிப்பவர், பத்து மீனை வீணாக்கும் வாய்ப்போடுதான் கரையில் அமர்ந்திருக்கிறார்.

எதை வைத்துக்கொள்வது என்பதிலும் நம் ஆசை நம்மை ஏமாற்றுகிறது. குஞ்சுகளை விட்டுவிட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். மிகப் பெரிய மீனை விடச் சொன்னால்தான் முகம் மாறுகிறது. 30 கிலோ எடையுள்ள அட்லாண்டிக் காட் என்னும் கடல்மீன் இனத்தின் ஒரு பெண்மீன், தலா 2 கிலோ எடையுள்ள 28 பெண்மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டைகளை இடுகிறது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நடுத்தர அளவில் உணவுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, இரு முனைகளையும் விட்டுவிடுவது நல்லது. அயல் இனங்கள் இதற்கு விலக்கு. அவற்றை உயிரோடு திரும்ப விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதற்காகக் கரையில் எறியலாம் என்று பொருளல்ல. முறையாகக் கொன்று உண்ணலாம், உரமாக்கலாம்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1995இல் ஏற்ற பொறுப்பான மீன்பிடிப்புக்கான நடத்தை நெறி பெரும்பாலும் தொழில்முறை மீன்பிடிப்பை மனதில் கொண்டது. பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கெனத் தனி வழிகாட்டியை 2012இல் வெளியிட்டார்கள். ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டமோ, நியாயமான காரணமின்றி எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ இழைக்கக்கூடாது என்று தொடங்குகிறது. திரும்ப விடுவதற்கென்றே பிடிப்பது நியாயமான காரணமா என்ற கேள்வி அங்கே இன்றும் தூண்டிற்காரர்களைத் துரத்துகிறது. எனக்கும் அதற்கு முழுமையான விடை கிடைத்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வேறு காரணத்தால் இறந்த ஒரு பெண்மீனைத் திறந்தேன். தொண்டைச் சுவரில் துருப்பிடித்துப் பாதி கரைந்த ஒரு முள்; அதைச் சுற்றித் தசை மூடி ஆறிப்போயிருந்தது. முள்ளின் காதில் ஒரு விரற்கடை நரம்பு, நேராக வெட்டப்பட்ட நுனியோடு அப்படியே இருந்தது. வயிறு நிறையச் சினை.