பிள்ளை கேட்டு ஜெபிக்கிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி

தத்தெடுக்க விரும்பி வருகிறவர்களிடம் வருமானம், வீடு, உடல்நலம் எல்லாவற்றையும் விசாரிப்பது என் வேலை. ஆனால் ஜெபிக்கிற குடும்பம் என்று தெரிந்தால் வேறொரு கேள்வியை முதலில் கேட்டுவிடுவேன்: "கர்ப்பத்துக்காக இன்னும் ஜெபிக்கிறீங்களா?"

தென்மாவட்டம் ஒன்றில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியிடமும் இதைக் கேட்டேன். கல்யாணமாகிப் பதினொரு வருடம். கணவர் பள்ளி ஆசிரியர், மனைவி செவிலியர். (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கேள்வி முடியும் முன்பே கணவர் "தினமும்" என்றார். மனைவி மெதுவாக, "நான் நிறுத்திட்டேன், அக்கா" என்றார். தினமும் ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவர்கள். ஒருவர் நிறுத்தியது மற்றவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தத்தெடுப்புக்குப் பதிவு செய்ய இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டி 85-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. சிகிச்சை, உபவாச ஜெபம் என்று வருடங்களைக் கழித்துவிட்டு, அந்த எல்லைக்கு வெளியே போனபின் வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பொறுங்கள் என்று நான் எளிதில் சொல்வதில்லை. இவர்களுக்குக் கூட்டினால் 77 தான் வந்தது, அதனால் சொன்னேன். "தத்தெடுத்தா சொந்தப் பிள்ளை பிறக்கும்" என்று நம் ஊரில் எல்லா மதத்தாரும் சொல்கிறார்கள். அந்த எதிர்பார்ப்போடு வீட்டுக்குள் கொண்டுவரப்படும் குழந்தை ஒரு பரிகாரப் பொருளாகத்தான் நுழைகிறது. பிறகு ஒரு பிள்ளை பிறந்தாலும், பிறக்காமலே போனாலும், விலை கொடுப்பது அந்தக் குழந்தை.

அந்தப் பெண் ஏன் நிறுத்தினார் என்பதைத் தனியாகப் பேசும்போது சொன்னார். கன்வென்ஷன் கூட்டம் வந்தால் யாராவது அவரைக் கேட்காமலே முன்னே அழைத்துப்போய் வயிற்றுக்காக ஜெபிப்பார்கள். வீட்டுக் காலண்டரில் "கர்ப்பத்தின் கனி" வசனம் வந்த மாதத்தைச் சீக்கிரமே கிழித்துவிட்டாராம். அன்னையர் தினத்தன்று ஆலயத்தில் தாய்மார்களுக்கு ரோஜாப்பூ கொடுக்கும்போது பக்கவாசல் வழியாக வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். பதினொரு வருடமும் அவர் ஆராதனையைத் தவறவிட்டதில்லை. அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று அந்தச் சபையில் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான்கு மாதம் கழித்து வந்தார்கள். இந்த முறை அதிகம் பேசியது கணவர். "சாராள், அன்னாள், எலிசபெத்து... இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். எல்லாத்துலயும் கடைசியில பிள்ளை பிறந்துருது. பிறக்காத வீட்டைப் பத்தி ஒரு பிரசங்கம்கூட கேட்டதில்ல மேடம்." பெற்றோரை இழந்த எஸ்தரை மொர்தெகாய் தன் மகளாக எடுத்து வளர்த்த பகுதியை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை தானே நடத்தியிருந்தும், அது ஒரு தத்தெடுப்பு என்பது இந்த நான்கு மாதத்தில்தான் உறைத்தது என்றார். மனைவி ரோமர் நிருபத்தில் வரும் "புத்திரசுவிகாரம்" என்ற சொல்லைக் காட்டினார். சிறு வயதிலிருந்து வாசித்த சொல். பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்வது என்ற அதன் அர்த்தம் தெரியாமலே கடந்துபோன சொல்.

அந்த நிருபத்தில் சுவிகாரப் பிள்ளையைப் பற்றிச் சொன்ன கையோடு, பிள்ளைகளென்றால் சுதந்தரவாளிகள், அதாவது வாரிசுகள், என்றும் வருகிறது. ஆனால் நம் நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் சட்டப்படி அதற்கு வெகுகாலம் தெளிவான வழியில்லை. 1956-இன் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் 1890-ஆம் வருடச் சட்டப்படி கார்டியன் ஆகலாம், அவ்வளவுதான். பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். அப்படி வளர்ந்து, வளர்த்த அப்பா இறந்தபின் சொத்துப் பத்திரத்துக்கு முன்னால் வெறுங்கையோடு நின்ற ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். 2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006-இல் அதில் செய்த திருத்தமும்தான் மதம் பார்க்காத தத்தெடுப்புக்கு வழி திறந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றமும், எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று தெளிவாக்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ஆம் வருடச் சட்டம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் அந்தப் பிள்ளைக்கு உண்டு. இருந்தும், "நம்ம ஆட்களுக்குத் தத்து செல்லாது" என்று சொல்லும் சபைப் பெரியவர்களை இன்றும் சந்திக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

இவர்கள் பதிவு செய்யத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி போன் வந்தது. ஜெபக்குழுவில் ஓர் அம்மாவுக்குத் தெரிந்த இடத்தில், கல்யாணமாகாத பெண்ணுக்கு நாலு நாளில் பிரசவம். குழந்தையை அப்படியே வாங்கிக்கொள்ளலாம், பிறப்புச் சான்றிதழிலேயே இவர்கள் பெயரைப் போட்டுவிடலாம், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டால் போதும். "கர்த்தர் கதவைத் திறந்திருக்கார்னு சொல்றாங்க அக்கா. வேண்டாம்னு சொன்னா அவருக்கு விரோதமா போயிருமோன்னு பயமா இருக்கு."

தயாரிப்புக் காலத்தில் விசுவாசிகள் வழுக்கி விழக்கூடிய இடமாக நான் காண்பது இதைத்தான். பேராசையில் யாரும் இப்படிச் செய்வதில்லை, கேட்டது கிடைத்துவிட்டது என்ற நன்றியில் செய்துவிடுகிறார்கள். முறையான வழியில்லாமல் குழந்தையைத் தத்து கொடுப்பதும் வாங்குவதும் 3 வருடம்வரை சிறைக்குரிய குற்றம். பணம் கைமாறி அது விற்பனை என்றானால் 5 வருடம்வரை. அந்தக் குழந்தை என்றைக்கும் சட்டப்படி இவர்கள் பிள்ளை ஆகாது. அன்று ராத்திரி நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட யாராவது பேசினாங்களா?" என்று மட்டும் கேட்டேன். குழந்தையை ஒப்படைக்க முடிவெடுக்கும் தாய்க்கு, மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள சட்டம் 60 நாள் தருகிறது. குழந்தைகள் நலக் குழு முன்னால் உட்கார்ந்து, நிதானமாக, கையெழுத்தின் அர்த்தம் புரிந்து அவள் முடிவெடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி பில்லைக் காட்டி அந்த 60 நாளையும் அவளிடமிருந்து பறிப்பதை யார் திறந்த கதவு என்று சொல்வது?

மறுநாள் அவர்களே அந்த ஜெபக்குழு அம்மாவிடம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்கு உதவி கிடைக்க வழிசெய்தார்கள். அன்றிலிருந்து மனைவியின் ஜெபத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: எங்கேயோ இருக்கிற, தன் பிள்ளையைப் பெற்ற அந்த இன்னொரு அம்மாவுக்காக. இதை நான் சொல்லித்தரவில்லை. எத்தனையோ மணி நேரம் ஆலோசனை கொடுத்தும் பலருக்குக் கைவராத இடம் அது.

பதிவு முடிந்து, குடும்பத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதும் வீட்டாய்வுக்குப் போனேன். கைக்குழந்தை என்பதை மாற்றி, கூடப்பிறந்த இருவரை, நாலு முதல் எட்டு வயதுக்குள், ஏற்கத் தயார் என்று எழுதச் சொன்னார்கள். அப்போது நான் கேட்கவேண்டிய கடினமான கேள்விகள் பல. தலையணைக்கு அடியில் சோற்றை ஒளித்துவைக்கிற பிள்ளையை என்ன செய்வீர்கள்? பெரியவன் நெற்றியில் திருநீறு பூசிக்கொள்ளாமல் தூங்க மாட்டேன் என்றால்? சட்டம் குழந்தையின் மதத்தையும் பார்ப்பதில்லை, யாரும் வரலாம்.

கணவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஞானஸ்நானம் உடனே கொடுக்கணும்னு எங்க சபைப் போதகர் ஐயர்கிட்ட பேசி வெச்சிருந்தேன். பேர்கூட ரெண்டு யோசிச்சிருந்தோம்" என்றார். பேரை மாற்ற சட்டத்தில் வழி இருக்கிறது என்றேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தன் பழைய வாழ்க்கையிலிருந்து கையோடு எடுத்துவரும் ஒரே சொத்து பெரும்பாலும் அதன் பெயர்தான் என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்: "தானியேலுக்கு பெல்தெஷாத்சார்னு பேர் வெச்சது பாபிலோன்காரங்க. சிறைபிடிச்சுட்டுப் போனவங்க செஞ்ச வேலை அது."

ஞானஸ்நானம் பிள்ளைகள் ஊரோடும் வீட்டோடும் பழகியபிறகு என்று தள்ளிவைத்தார்கள். ஐயரும் அதை ஏற்றுக்கொண்டார்.

சபையாருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளைகள் வந்ததும் அவர்களைப் பற்றி ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள். எங்கே கண்டெடுக்கப்பட்டது, தாய் யார், என்ன நிலையில் இருந்தது என்பதெல்லாம் பிள்ளைக்குச் சொந்தமான கதை. ஒலிபெருக்கியில் போனபிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது, ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை நாளைக்கு அதைத்தான் கேட்கும். தத்தெடுக்கப்பட்ட உண்மையைப் பிள்ளையிடம் பெற்றோர் சிறு வயதிலேயே சொல்லத்தான் வேண்டும். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. தத்தெடுப்பு இணையதளத்தில் பெற்றோருக்குக் காட்டப்படும் குழந்தையின் படத்தை ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடவே கூடாது. அந்தக் குழந்தையை ஏற்பதா என்ற முடிவைத் தெரிவிக்க 48 மணி நேரம்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் ஜெபிக்க இரண்டு பேர் போதும்.

என் வீட்டாய்வு அறிக்கை மூன்று வருடம் செல்லும். இப்போது அவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பாத்திரக் கடையில் இரண்டு எவர்சில்வர் தட்டும் இரண்டு டம்ளரும் வாங்கி அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தார் அந்தப் பெண். என்ன பேர் வெட்டணும் என்று கடைக்காரர் கேட்டாராம்.

"அவங்க வந்து சொல்வாங்க, அப்புறம் கொண்டாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன், அக்கா."